நிகோடின் சூயிங்கம்: மெல்வதற்கு அல்ல, அதக்குவதற்கு

புகையிலையில் அடிமையாக்கும் சரக்கு நிகோடின். அதை மட்டும் கொஞ்சமாகத் தந்து, புகையிலையை நிறுத்த உதவும் மருந்துதான் நிகோடின் சூயிங்கம். மருந்துக்கடையில் இருமல் மிட்டாய் டப்பாவுக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில் இந்த அட்டைகள் கிடக்கும். நிக்கோடெக்ஸ், நிக்கோரெட் என்று சில பெயர்கள், 2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு அளவுகள். புதினா, பான் என்று சுவைகள். சிகரெட்டை நிறுத்த நினைப்பவருக்கு இது எப்படி என்பது ஓரளவு எல்லாருக்கும் தெரிந்த கதை. ஹான்ஸ், கூல் லிப், வெற்றிலையோடு புகையிலை என்று வாயில் வைத்துப் பழகியவருக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் இந்த மதிப்பீடு.

காரணம் இருக்கிறது. 2016-17-இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 10.7 சதவீதம் பேர் புகைக்கிறார்கள். புகையில்லாப் புகையிலை போடுபவர்கள் 21.4 சதவீதம். இரண்டு மடங்கு. 2022-இல் நாட்டில் புதிதாக வாய்ப்புற்றுநோய் வந்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 43 ஆயிரம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தரும் மதிப்பீடு. உலகக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கேதான். நம் ஊரில் இந்த நோய் அதிகமாக முளைக்கும் இடம் கன்னத்தின் உட்புறமும் கீழ் ஈறை ஒட்டிய பள்ளமும். அதாவது புகையிலை உருண்டையை ஒதுக்கி வைக்கும் அதே இடம். இவ்வளவு இருந்தும், அட்டையோடு வரும் துண்டுச்சீட்டு சிகரெட் கணக்கில்தான் பேசுகிறது: நாளைக்கு 20 சிகரெட் வரை என்றால் 2 மி.கி., அதற்கு மேல் என்றால் 4 மி.கி. நாளைக்கு ஆறு பாக்கெட் ஹான்ஸ் போடுபவர் இதில் எங்கே வருவார்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்து நல்லது, பெயர்தான் கெட்டது. சூயிங்கம் என்று பெயர் வைத்ததால், வாங்குபவர் அதைச் சூயிங்கம் போலவே கடகடவென்று மெல்கிறார். ஐந்து நிமிடத்தில் தொண்டை எரிகிறது, விக்கல் எடுக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது. "இது நமக்கு ஒத்துக்காது" என்று அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெட்டிக்கடைக்குப் போகிறார்.

நடப்பது இதுதான். நிகோடின் வாயின் உட்தோல் வழியாக ரத்தத்துக்குப் போக வேண்டும். எச்சிலோடு விழுங்கிவிட்டால் குடல் வழியாகக் கல்லீரலுக்குப் போய், அங்கேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். மூளைக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம். வயிற்றைக் கெடுப்பது நிறைய. வேகமாக மென்றால் நிகோடின் மொத்தமாக எச்சிலில் இறங்கும், எச்சிலும் பெருகும், வேறு வழியில்லாமல் விழுங்குவோம்.

சரியான முறை இப்படி. ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக, பத்துப் பதினைந்து கடி கடிக்க வேண்டும். மிளகு கடித்தது போல ஒரு காரமோ, நாக்கோரத்தில் ஒரு சுறுசுறுப்போ தெரியும். தெரிந்த உடனே மெல்வதை நிறுத்திவிட்டுக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம்போல இருந்தால் அந்தச் சுறுசுறுப்பு அடங்கும். மறுபடி நாலைந்து கடி. காரம் வந்ததும் இந்த முறை அடுத்த கன்னத்தில் ஒதுக்கு. இப்படியே சுமார் 30 நிமிடம். அதன் பிறகு எவ்வளவு கடித்தாலும் காரம் வராது. அந்தத் துண்டு முடிந்தது.

புகைப்பவருக்கு இந்த அதக்கும் வித்தையைச் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. ஹான்ஸ் போடுபவருக்கு ஒரே வாக்கியம் போதும்: "ஹான்ஸ் வைக்கிற மாதிரி வைங்க." கை, வாய், நேரம் எல்லாம் ஏற்கெனவே பழகியவை. ஒரே பக்கத்தில் வைக்கும் பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே வெந்துபோன பக்கத்தில் வைத்தால் எரியும்.

அடுத்து, பலரைக் கவிழ்ப்பது காபி. புகையிலையில் சுண்ணாம்பு சேர்ப்பது ஏன் என்று யோசித்தால் இது எளிதில் புரியும். காரத்தன்மை (மிளகின் காரம் அல்ல, புளிப்புக்கு எதிரான தன்மை) கூடினால்தான் நிகோடின் உட்தோலைச் சட்டென்று கடக்கும். சுண்ணாம்பு செய்வது அந்த வேலை. சூயிங்கத்தில் அதே வேலைக்காகச் சோடியம் கார்பனேட் போன்ற உப்பைச் சேர்த்திருக்கிறார்கள். காபி, சோடா, எலுமிச்சைச் சாறு, மோர், புளி ரசம் என்று புளிப்பாக எதைக் குடித்தாலும் வாயின் காரத்தன்மை இறங்கி, நிகோடின் உள்ளே போகாமல் எச்சிலோடு நின்றுவிடும். ஆகவே துண்டைப் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, அது வாயில் இருக்கும் வரை, தண்ணீர் தவிர வேறெதுவும் ஆகாது. காலையில் காபி குடித்த கையோடு ஒன்றைப் போட்டுக்கொண்டு "ஒன்றுமே தெரியவில்லையே" என்பவர்கள் வரிசையை மாற்றினால் போதும்: எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டுச் சூயிங்கம், அரை மணி கழித்துக் காபி.

எந்த அளவு வாங்குவது? சிகரெட் எண்ணிக்கையை மறந்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். எழுந்து அரை மணிக்குள் முதல் வாய் போடுகிறாரா? சாற்றைத் துப்பாமல் விழுங்குகிறாரா? தூங்கும்போதும் வாயில் ஒதுக்கியபடியே தூங்குகிறாரா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் 4 மி.கி.தான் பொருத்தம், மற்ற இரண்டும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். 2 மி.கி.யில் தொடங்கி, நிகோடின் போதாமல் மூன்றாம் நாள் தோற்பது வழக்கமான கதை. 4 மி.கி. என்று எழுதியிருந்தாலும் உடம்புக்குள் போவது ஏறத்தாழ பாதிதான். சிக்கல் என்னவென்றால், 2 மி.கி. சீட்டில்லாமல் கிடைக்கும், 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். தமிழ்நாட்டில் 2013 முதல் தடையில் இருக்கும் குட்கா வகைகளை மறைவாக வாங்கச் சீட்டு தேவைப்படுவதில்லை. அதை விடவைக்கும் மருந்துக்குத் தேவைப்படுகிறது. பல் மருத்துவரே எழுதித் தரலாம். வாயையும் அப்படியே காட்டிவிட்டு வரலாம்.

வாய் நமநமக்கும்போது ஒன்று போட்டுக்கொள்வோம் என்பது அடுத்த தவறு. சிகரெட்டின் நிகோடின் சில நொடிகளில் மூளையைத் தொடும். சூயிங்கத்தில் ரத்த அளவு உச்சிக்குப் போகவே 20, 30 நிமிடம் ஆகும். நமநமப்பு ஐந்து பத்து நிமிடத்தில் தானே அடங்கிவிடும் சமாச்சாரம். அது வந்த பிறகு போட்டால் மருந்து வேலை செய்வதற்குள் ஆள் கடைவாசலில் நிற்பார். ஆகவே கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். முதல் 6 வாரம் 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு 9-க்குக் குறையாமல். 7 முதல் 9 வாரம் வரை 2 முதல் 4 மணிக்கு ஒன்று. 10 முதல் 12 வாரம் வரை 4 முதல் 8 மணிக்கு ஒன்று. எந்த நாளிலும் 24-ஐத் தாண்டக் கூடாது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். நாளைக்கு 10 வீதம் 42 நாளுக்கு 420. நாளைக்கு 6 வீதம் 21 நாளுக்கு 126. நாளைக்கு 3 வீதம் 21 நாளுக்கு 63. ஆகமொத்தம் 609 துண்டுகள். பத்துத் துண்டு அட்டை என்றால் 61 அட்டை. வாங்குபவர் சாதாரணமாக வாங்குவது ஒன்று அல்லது இரண்டு. ஒன்றிரண்டு நாள் மருந்தை வாங்கிக்கொண்டு மூன்று மாத வேலையை எதிர்பார்த்தால் எந்த மருந்தும் தோற்கும். செலவு கூடுதல்தான், மறைப்பதற்கில்லை. அட்டையின் பின்னால் இருக்கும் விலையை 61-ஆல் பெருக்கி, மூன்று மாதம் புகையிலைப் பாக்கெட்டுக்குப் போகும் காசோடு வைத்துப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. நிகோடின் மாற்று மருந்துகள் 2022-இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. மாவட்ட அரசு மருத்துவமனையில் புகையிலை ஒழிப்பு ஆலோசனைப் பிரிவு இருந்தால் அங்கே முதலில் கேட்கலாம்.

இப்போது கசப்பான பகுதி. புகைப்பவர்களிடம் நிகோடின் மாற்று மருந்துகள் நிறுத்தும் வாய்ப்பைச் சுமார் 50 முதல் 60 சதவீதம் கூட்டுகின்றன என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் திறனாய்வு சொல்கிறது. (மருந்தில்லாமல் நூற்றில் 10 பேர் விடுவார்கள் என்றால் மருந்தோடு 15 அல்லது 16 பேர் விடுவார்கள் என்று பொருள், நூற்றில் அறுபது பேர் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.) புகையில்லாப் புகையிலை போடுபவர்களுக்காக 2015-இல் வந்த காக்ரேன் திறனாய்வில் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பேட்ச்சும் தெளிவான பலனைக் காட்டவில்லை. பலன் காட்டியவை மூன்று: வாயில் கரையும் நிகோடின் லாசஞ்ச், வெரெனிக்ளின் என்ற நிகோடின் இல்லாத மாத்திரை, முறையான ஆலோசனை. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை உதட்டுக்குள் ஈரப்பொடி வைக்கும், மெல்லும் புகையிலை போடும் மேல்நாட்டு ஆட்களை வைத்து நடந்தவை. சுண்ணாம்பும் பாக்கும் சேர்த்துப் போடும் நம் ஆட்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சூயிங்கத்தை மட்டும் நம்பி இறங்குவதற்கு அது இடம் தரவில்லை.

அதனால் அட்டையோடு ஆலோசனையும் வேண்டும். புகையிலையை நிறுத்த ஆலோசனை தரும் 1800 11 2356 என்ற தேசிய இலவச எண் புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. இந்தச் சேவை 2016-இல் டெல்லியில் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கியது. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உள்ளிட்ட இடங்களுக்கும் விரிந்ததால் தென்னக மொழிகளிலும் பேசலாம். விடும் தேதியைக் குறித்துக்கொண்டு கூப்பிட்டால் அவர்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இந்த விசாரிப்புதான் பாதி மருந்து. விட்ட பிறகு முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த நாட்களில் ஒருவர் கூப்பிட்டுக் கேட்பதற்கும் கேட்காததற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது அட்டையில் இல்லை, நம் பழக்கத்தில் இருக்கிறது. சூயிங்கம் நிகோடினுக்கு மட்டும் மாற்று. பாக்குக்கு மாற்றே கிடையாது. பாக்கில் உள்ள அரிகோலின் தன் பங்குக்கு ஒரு பழக்கத்தை உண்டாக்குகிறது. சூயிங்கம் அதைத் தொடாது. "புகையிலையை விட்டாச்சு, வெறும் பாக்குதான்", "இது புகையிலை இல்லாத பான் மசாலா" என்று ஆறுதல் சொல்லிக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும், வெறும் பாக்குமே மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட 85-ஆம் தொகுதியில் முதல் பிரிவில் வைத்துவிட்டது. வாய்ச் சதை நார் பிடித்து இறுகும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் பாக்கினால் வருவதுதான். காரம் பட்டால் எரிச்சல், கன்னத்தின் உட்புறம் வெளுத்துப் போவது, விசில் அடிக்க முடியாமல் போவது, கடைசியில் வாயே திறக்காமல் போவது. பாக்கை நிறுத்தினால் அது மேலும் இறுகுவது மட்டுப்படும். இறுகிய சதை பழையபடி ஆகாது. வெறும் பாக்கு, புகையிலை இல்லாத பான் மசாலா மட்டும் போடுபவர் இந்தச் சூயிங்கத்தை வாங்குவது காசுக்குக் கேடு. இல்லாத நிகோடின் பழக்கத்தை விலை கொடுத்து வாங்குவதாகவும் முடியலாம்.

பான் சுவைத் துண்டு பற்றி ஒரு வார்த்தை. முதல் வாரத்தில் அது கைகொடுக்கலாம். ஆனால் பாக்கு, வெற்றிலை நினைப்பைத் தினமும் பத்து முறை தட்டி எழுப்பும் சுவை அது. வெற்றிலைப் பழக்கம் உள்ளவர்களுக்குப் புதினாவையே சொல்வோம்.

யாருக்கு இது ஆகாது? வாய் இறுகியவருக்கு மெல்லவே வராது. தாடை மூட்டு வலி உள்ளவருக்கும் சிரமம். கட்டுப்பல் இருந்தால் ஒட்டிக்கொண்டு பல்லையே பிடுங்கும். இவர்களுக்கெல்லாம் லாசஞ்ச் நல்லது: கடிக்காமல், அவ்வப்போது இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு நகர்த்தி, 20 முதல் 30 நிமிடத்தில் கரையவிட வேண்டும். புளிப்பு விதி அதற்கும் உண்டு. இல்லையென்றால் பேட்ச், நம் ஊர் வெயிலில் வியர்த்து உரிந்துவிடும் என்பதால் குளித்து நன்றாகத் துவட்டிய பிறகு, முடியில்லாத இடத்தில் பத்து நொடி அழுத்தி ஒட்டி, தினமும் இடம் மாற்ற வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், இதயத் துடிப்புக் கோளாறோ அடங்காத நெஞ்சுவலியோ உள்ளவர், கர்ப்பிணிகள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது. ஹான்ஸையும் சூயிங்கத்தையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிப் போட்டால் தலைசுற்றல், வியர்வை, வாந்தி வரலாம். அது நிகோடின் மிகுந்துவிட்டதன் அறிகுறி.

சூயிங்கமும் புற்றுநோய் தருமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. புகையிலையில் புற்றை உண்டாக்குபவை முக்கியமாக என்என்என், என்என்கே என்ற நைட்ரோசமைன்கள். இலையைப் பதப்படுத்தும்போதும் புளிக்கவைக்கும்போதும் உருவாகுபவை. நிகோடின் அடிமையாக்கும் சரக்கு; புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் அது இல்லை. மூன்று மாதம் முடிந்தும் ஒன்றிரண்டு துண்டை விட முடியாமல் இருப்பவர்கள் உண்டு. ஹான்ஸுக்குத் திரும்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

விட்டுவிட்டோம், இனி பயமில்லை என்று வாயைப் பார்க்காமல் இருப்பதுதான் எந்தத் துண்டுச்சீட்டிலும் எழுதப்படாத ஆபத்து. அபாயம் குறைய ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பே முளைத்த திட்டு தன் வேலையைத் தொடரும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கி நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்த்ததாலேயே, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு அது. வாயைப் பார்க்கக் கருவி ஏதும் வேண்டாம்.

அட்டை வாங்கும் நாளிலேயே தொடங்கி, மாதம் ஒருமுறை செய்யலாம். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட்டு, வாய் கொப்பளித்துக்கொள்ள வேண்டும். உதடுகளைப் பிதுக்கிப் பார்க்க வேண்டும். விரலால் கன்னத்தை வெளியே இழுத்து, உருண்டை வைத்த பள்ளத்தை அடிவரை பார்க்க வேண்டும். நாக்கின் நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இரு பக்க ஓரங்களையும் பார்த்து, நாக்கைத் தூக்கி அடியையும், தலையைச் சாய்த்து அண்ணத்தையும் பார்க்க வேண்டும். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, தடித்த விளிம்புள்ள புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி ஆகியவை இருக்கின்றனவா என்று தேட வேண்டும். இவற்றில் வெள்ளையைவிடச் சிவப்பு ஆபத்தானது. வலி இல்லாததால் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். ஆரம்பத்தில் இது வலிக்காது. கடைசியாக, ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மூன்றும் நுழையாவிட்டால் வாய் இறுகத் தொடங்கியிருக்கிறது.

எந்தப் புண்ணும் இரண்டு வாரத்தில் ஆறியிருக்க வேண்டும். ஆறாவிட்டால் வைட்டமின் மாத்திரையும் வாய்ப்புண் களிம்பும் மாற்றி மாற்றி வாங்காமல் பல் மருத்துவரிடமோ அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ காட்ட வேண்டும். அவர் சின்னத் துண்டு சதை எடுத்துச் சோதிக்கச் சொன்னால், "கத்தி பட்டால் பரவும்" என்ற ஊர்ப்பேச்சைக் கேட்டுத் திரும்பி வரத் தேவையில்லை. அந்தத் துண்டைப் பார்க்காமல் எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. புண் இருக்கும் காலத்தில் சூயிங்கத்தை நிறுத்தி, பேட்ச்சுக்கு மாறுவது நல்லது. எரிச்சல் மருந்தாலா புண்ணாலா என்ற குழப்பம் இருக்காது.

மென்று முடித்த துண்டிலும் கணிசமான நிகோடின் மிச்சம் இருக்கும். காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும். புதிய அட்டையையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பார்வைக்கு மிட்டாய் போலத்தான் இருக்கிறது.